நிரம்பாத இடது இதயம்

எப்போப்ரோஸ்டெனால் என்ற மருந்துக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. நுரையீரல் தமனிகளே தடித்துக் குறுகிப்போன 81 நோயாளிகளிடம் அதைச் சோதித்த ஆய்வு 1996-ல் வெளியானது. 12 வாரங்களில் 8 பேர் இறந்தார்கள். 8 பேருமே அந்த மருந்து கொடுக்கப்படாத தரப்பைச் சேர்ந்தவர்கள். அடுத்த ஆண்டில் இன்னோர் ஆய்வு வெளியானது. இடது கீழறை மிகவும் தளர்ந்துபோன 471 இதயச் செயலிழப்பு நோயாளிகளை அது இரு தரப்பாகப் பிரித்து, ஒரு தரப்புக்கு இதே மருந்தைக் கொடுத்தது. மருந்து பெற்றவர்களிடையே இறப்பு கூடுவதுபோல் தெரியவே, ஆய்வை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. நுரையீரல் ரத்தக்குழாய்களை விரியச் செய்வதுதான் இரண்டு இடத்திலும் மருந்து செய்த வேலை. விரிந்த குழாய்கள் வழியே பெருகி வரும் ரத்தத்தை ஏற்க இடது இதயத்தில் இடம் இருந்ததா, இல்லையா என்பதில்தான் வேறுபாடு. ஆகவே நுரையீரல் உயர் ரத்த அழுத்தம் உள்ள ஒருவரின் இடது இதயத்தை எப்படி மதிப்பிடுவது என்பது ஏட்டுக் கேள்வி அல்ல. தவறாக மதிப்பிட்டால், ஒருவருக்கு உயிர் கொடுக்கும் மருந்து இன்னொருவருக்கு மூச்சு முட்ட நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக் காரணமாகிவிடும்.

ரத்தம் போகும் வழியை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். வலது கீழறை தள்ளும் ரத்தம் நுரையீரலைக் கடந்து இடது மேலறையை அடைகிறது. அங்கிருந்து மைட்ரல் வால்வு வழியே இடது கீழறைக்குள் இறங்கி, மகாதமனி வழியே உடலெங்கும் பரவுகிறது. ஓய்வாக இருக்கும் ஆரோக்கியமான ஒருவரின் நுரையீரல் தமனியில் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 14 மி.மீ. பாதரசம்தான், கையில் பட்டை கட்டி அளக்கும் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் மிகவும் தாழ்வான அளவு இது. 25-ஐ எட்டினால் நோய் என்று 1973-லிருந்து நெடுங்காலம் கொள்ளப்பட்டது. 2018-ல் நீஸ் நகரில் கூடிய உலக மாநாடு அந்த எல்லையை 20-க்கு மேல் என்று இறக்கியது. அழுத்தம் ஏறுவதற்கு இரண்டு அடிப்படை வழிகள் உண்டு. ஒன்று, நுரையீரலின் சிறுதமனிகள் குறுகியோ அடைபட்டோ போய், வலது கீழறை அவற்றை எதிர்த்துத் தள்ளுவது. மற்றொன்று, இடது இதயம் தன்னிடம் வரும் ரத்தத்தைத் தாழ்ந்த அழுத்தத்தில் ஏற்க முடியாமல் போக, அந்த அழுத்தம் பின்னோக்கித் தேங்குவது. இரண்டாவது வகைதான் உலகெங்கும் மிகுதி. முதல் வகையில் இடது இதயத்துக்குப் போதிய ரத்தம் வருவதில்லை. இரண்டாவதில் அது தாங்க முடியாத அழுத்தத்தில் நிரம்பியிருக்கிறது. இந்த அத்தியாயம் முழுவதும் நான் வாதிடப்போவது ஒன்றைத்தான்: இந்த நோயாளிகளிடம் இடது கீழறை எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்று கேட்பதற்கு முன்பு, அது எவ்வளவு நிரம்புகிறது, எந்த அழுத்தத்தில் நிரம்புகிறது என்று கேட்க வேண்டும்.

நடைமுறையில் முதலில் கேட்கப்படுவது சுருக்கத்தின் பலம்தான். எக்கோ அறிக்கை கையில் கிடைத்ததும் எல்லோருடைய கண்ணும் போவது வெளியேற்ற விகிதத்தின் மீது. 60 சதவீதம் என்று இருந்தால் ‘இதயம் நன்றாக இருக்கிறது’ என்ற நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால் அது ஒரு விகிதம் மட்டுமே. விரிந்த நிலையில் 120 மில்லி கொள்ளும் கீழறை ஒரு துடிப்பில் 75 மில்லியை வெளியேற்றினால் விகிதம் 62 சதவீதத்துக்குச் சற்று மேல். நுரையீரலிலிருந்து போதிய ரத்தம் வராமல் சுருங்கிப்போன ஒரு கீழறை 65 மில்லிதான் கொள்கிறது, அதில் 40 மில்லியை வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதிலும் விகிதம் 61-க்கு மேல். ஆனால் முதலாமவருக்கு ஒவ்வொரு துடிப்பிலும் கிடைப்பதில் பாதியைவிடச் சற்று அதிகமே இரண்டாமவரின் உடலுக்குக் கிடைக்கிறது. படியேறும்போது கண் இருட்டி மயங்கி விழுகிறவரின் அறிக்கையில் வெளியேற்ற விகிதம் அழகாக இருப்பது இதனால்தான். ஆம்ஸ்டர்டாமில் காரணம் தெரியாத நுரையீரல் தமனி நோயாளிகள் 64 பேரை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு இடது கீழறையின் விரிந்த கொள்ளளவு 40 மில்லி அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்களும், துடிப்பளவு 25 மில்லி அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்களும் முன்னதாகவே இறக்கும் அபாயத்தில் இருந்தார்கள். நோய் நுரையீரலில், சுமை வலது அறையில், ஆயுளைச் சொல்லும் எண்களுள் ஒன்றோ இடது அறையின் கொள்ளளவு.

இடது அறை குறுகுவதற்கு வரத்து குறைவது மட்டும் காரணமல்ல. வலது, இடது கீழறைகள் ஒரே சுவரைப் பொதுவாகக் கொண்ட இரண்டு ஒட்டுவீடுகள். இரண்டையும் சுற்றி, எளிதில் நெகிழாத இதய உறை மதில்போல் நிற்கிறது. ஒரு வீட்டார் இடம் போதாமல் பொதுச்சுவரைத் தள்ளினால் அடுத்த வீட்டின் கூடம் சுருங்கியே தீரும். ஆரோக்கியமான இதயத்தில் இடதுபுற அழுத்தமே அதிகம் என்பதால் நடுச்சுவர் வலப்பக்கம் புடைத்து நிற்கும். குறுக்குவெட்டில் இடது கீழறை வட்டமாகத் தெரியும். வலதுபுற அழுத்தம் ஏற ஏற நடுச்சுவர் தட்டையாகி, வட்டம் ‘டி’ எழுத்தின் வடிவத்துக்கு மாறுகிறது. இதை எண்ணால் அளக்கும் முறை 1985-லிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. குறுக்குவெட்டில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு விட்டங்களை அளந்து ஒன்றை மற்றதால் வகுப்பார்கள். வட்டமாக இருந்தால் 1 வரும், தட்டையாகத் தட்டையாக எண் ஏறும். இதில் நேரத்துக்கும் பெரும் பங்கு உண்டு. சுமை ஏறிய வலது கீழறை தன் சுருக்கத்தை முடிக்கத் தாமதிக்கிறது. இடது கீழறை தளர்ந்து, மைட்ரல் வால்வு திறந்து, ரத்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய அதே நொடிப் பகுதியில் வலது அறை இன்னும் சுருங்கிக்கொண்டே இருக்கிறது. அப்போது நடுச்சுவர் இடப்பக்கம் தள்ளப்படுகிறது. நிரம்புதலின் மிக முக்கியமான முதல் கட்டமே இப்படித் திருடப்படுகிறது. மெதுவாக ஓட்டிப் பார்க்கும் எம்.ஆர்.ஐ. படங்களில் இந்தக் கால முரணைக் கண்ணாலேயே காணலாம். இதயத்தின் இரண்டு பாதிகளையும் தனித்தனிப் பம்புகளாக நினைக்கும் பழக்கத்தை விட்டுவிட அந்த ஒரு காட்சி போதும் என்பது என் எண்ணம்.

எக்கோவில் ரத்தம் பாயும் வேகத்தைக் காட்டும் டாப்ளர் எண்களைப் படிக்கும்போது பலர் தடுமாறுவது இங்குதான். மைட்ரல் வால்வு வழியே ரத்தம் இரண்டு அலைகளாக இறங்குகிறது. கீழறை தளர்ந்தவுடன் தானாகப் பாயும் முதல் அலைக்கு ஈ என்றும், மேலறை சுருங்கித் தள்ளும் இரண்டாம் அலைக்கு ஏ என்றும் பெயர். இளமையில் ஈ பெரிது. வயது ஏறினாலோ சுவர் விறைத்தாலோ ஏ பெரிதாகும். ஏ பெரிதாக இருந்தால் ‘கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’, அதாவது நிரம்புதலில் முதல் நிலைக் கோளாறு, என்று அச்சாகிவிடுகிறது. நுரையீரல் தமனி நோய் முற்றியவர்களிடமும் அதே படம்தான் வருகிறது. ஆனால் அதற்குக் காரணம் இடது கீழறையின் சொந்த நோய் அல்ல: மேலறையில் ரத்தம் குறைவு, அதனால் அழுத்தம் தாழ்வு, போதாக்குறைக்கு நடுச்சுவர் குறுக்கே வருகிறது. முதல் அலை சிறுத்துவிடுகிறது. நுரையீரல் தமனியில் பழைய ரத்தக்கட்டிகள் இறுகிப்போய் அழுத்தம் ஏறிய நோயாளிகளுக்கு அந்த அடைப்பை அறுவை செய்து உரித்தெடுத்தால், இடது பக்கத்தில் யாரும் கை வைக்காமலேயே இந்த அலை விகிதம் இயல்பை நோக்கித் திரும்புகிறது. இதைவிடத் தெளிவான சாட்சியம் தேவையில்லை. விறைத்த அறைக்கும் வெறுமையான அறைக்கும் ஒரே அச்சுச்சொல்லைப் பயன்படுத்துவது நோயாளிக்குச் செய்யும் அநீதி என்று நான் கருதுகிறேன். ஏனெனில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, ‘இது இடது இதய நோய், நுரையீரல் மருந்து வேண்டாம்’ என்ற முடிவுக்கு ஒருவர் வந்துவிட முடியும்.

அப்படியானால் எக்கோவால் பயனில்லையா? உண்டு, எந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரிந்து படித்தால். என் மதிப்பீட்டில் முதலிடம் இடது மேலறையின் அளவுக்கு. ஓர் இரவில் ஏறிய அழுத்தத்தை அது சொல்லாது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தாங்கிய அழுத்தத்தை அது மறைக்காது. இடது கீழறையின் நிரம்பு அழுத்தம் நெடுநாள் உயர்ந்திருந்தால் மேலறை விரிந்திருக்கும். நோய் நுரையீரலிலேயே இருந்தால் அது இயல்பாகவோ சிறுத்தோ இருக்கும், பெரிதாகத் தெரிவது வலது மேலறைதான். அடுத்தது, கீழறைத் தசை தளரும் வேகத்தை வெளிச்சுவரில் அளப்பது. நடுச்சுவரில் அளந்தால், வலதுபுறச் சுமையால் அந்தச் சுவரின் அசைவே குன்றியிருப்பதால் எண் பொய்யாகத் தாழும். வெளிச்சுவருக்கு அந்தப் பாதிப்பு குறைவு. ஈ அலையின் வேகத்தை வெளிச்சுவர் தளரும் வேகத்தால் வகுத்தால் வருவது 13-க்கு மேல் என்றால் இடது இதயத்தின் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். 8-க்குக் கீழ் என்றால் நுரையீரலின் பக்கம். இடையில் விழும் எண்கள் இடையிலேயே கிடக்கட்டும், அவற்றை இழுத்து ஒரு பக்கம் சேர்க்கக் கூடாது. தசை நீள்வாக்கில் எவ்வளவு குறுகுகிறது என்று அளக்கும் ஸ்ட்ரெய்ன் முறைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நுரையீரல் தமனி நோயில் இடது கீழறையின் ஸ்ட்ரெய்ன் குறைவது உண்மை. அந்தக் குறைவு நடுச்சுவரில்தான் தூக்கலாக இருக்கும். மொத்தச் சராசரியை மட்டும் பார்ப்பவர் அதை இடது அறைத் தசையின் பொது நோய் என்று எடுத்துக்கொள்வார்.

‘எக்கோவில் இத்தனை சிக்கல் இருந்தால் கத்தீட்டரை உள்ளே விட்டு அழுத்தத்தை நேரே அளந்துவிடலாமே, அதோடு வழக்கு முடிந்துவிடும் அல்லவா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, நோயை உறுதிசெய்வது கத்தீட்டர்தான் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 1929-ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டேயில் வெர்னர் ஃபோர்ஸ்மான் தன் கைச் சிரை வழியே இதயம் வரை குழாயைச் செலுத்திக் காட்டினார். நியூயார்க்கில் கூர்னாண்டும் ரிச்சர்ட்ஸும் அதை ஆய்வுக் கருவியாக வளர்த்தார்கள். மூவருக்கும் 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1970-ல் ஸ்வானும் கான்ஸும் நுனியில் பலூன் வைத்த கத்தீட்டரை அறிமுகப்படுத்தினார்கள். ரத்த ஓட்டத்தோடு மிதந்து போகும் பலூன் நுரையீரல் தமனியின் ஒரு கிளையை அடைத்துக்கொள்ளும். அடைப்புக்கு அப்பால் ஓட்டம் நின்றுவிடுவதால், அங்கிருந்து இடது மேலறை வரை அசையாத ஒரு ரத்தத் தம்பம் உருவாகிறது. அதன் வழியே இடது மேலறையின் அழுத்தம் குழாயின் நுனிக்கு வந்து சேர்கிறது. இதைத்தான் வெட்ஜ் அழுத்தம் என்கிறார்கள். 15 வரை இருந்தால் நோய் இடது இதயத்துக்கு முன்னால், 15-ஐத் தாண்டினால் இடது இதயத்தில் என்பது இன்றைய விதி.

விதி எளிது, அளவீடு எளிதல்ல. கருவியின் பூஜ்ய மட்டத்தை மார்பின் நடு உயரத்தில் வைக்காமல் 2 செ.மீ. கீழே வைத்துவிட்டால் எல்லா அழுத்தமும் ஏறத்தாழ 1.5 மி.மீ. கூடிவிடும், 14 என்பது 15.5 ஆகி, நோயாளி எல்லையைத் தாண்டிவிடுவார். உடல் பருமனும் நுரையீரல் நோயும் உள்ளவர்களிடம் ஒவ்வொரு மூச்சுக்கும் எண் ஏறி இறங்கும். மூச்சை விட்டு முடிக்கும் கணத்தில் படிப்பதா, சில மூச்சுகளின் சராசரியை எடுப்பதா என்பதைப் பொறுத்தே சிலருடைய நோயின் பெயர் மாறிவிடும். பலூன் முழுதாக அடைக்காவிட்டால் தமனியின் அழுத்தம் கலந்து எண் பொய்யாக உயரும். அமெரிக்காவில் ஒரு பெரிய கத்தீட்டர் பதிவேட்டை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட கட்டுரை இன்னும் கவலை தரும் ஒன்றைக் காட்டியது. வெட்ஜ் 15 அல்லது அதற்குக் கீழ் என்று பதிவாகியிருந்த நுரையீரல் உயர் அழுத்த நோயாளிகளில், இடது கீழறைக்குள்ளேயே நேராக அளந்த அழுத்தம் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு 15-ஐத் தாண்டியிருந்தது. கத்தீட்டர் அறைக்கு வருவதற்கு முன்பு சில நாட்கள் நீர் இறங்கும் மாத்திரையை முறையாகச் சாப்பிட்ட ஒருவருக்கு வெட்ஜ் 12 வரலாம். அது அவருடைய அன்றைய காலை நிலையைத்தான் சொல்கிறது. மறைந்திருக்கும் விறைப்பை வெளிக்கொணர, 500 மில்லி உப்புநீரை 5 நிமிடங்களில் ஏற்றிப் பார்ப்பார்கள். வெட்ஜ் 18-ஐத் தாண்டினால் இடது இதயம் சந்தேகத்துக்கு உரியது. படுத்தபடியே மிதிவண்டி மிதிக்கச் சொல்லி அளப்பதும் உண்டு. அப்போது 25-ஐ எட்டினால், வெளியேற்ற விகிதம் குறையாத இதயச் செயலிழப்பு என்ற முடிவுக்கு வலு சேர்கிறது.

இந்தச் சோதனைகளும் ஒரு விஷயத்தை மறைக்கின்றன. இந்தத் துறையின் மிக நுட்பமான இடம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. ஓர் அறையை உண்மையில் விரியச் செய்வது உள்ளே இருக்கும் அழுத்தம் மட்டுமல்ல. உள்ளழுத்தத்துக்கும் வெளியிலிருந்து நெருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு. ஆரோக்கியமான மார்பில் இதய உறையின் அழுத்தம் மிகச் சிறிது என்பதால் அதை மறந்துவிட்டாலும் கணக்கு கெடுவதில்லை. வலது இதயம் வீங்கி உறையை நிரப்பிவிட்டால் நிலைமை வேறு. உறையின் அழுத்தம் அப்போது வலது மேலறையின் அழுத்தத்தை ஏறத்தாழ ஒட்டியே போகிறது. ஓர் எடுத்துக்காட்டு: ஒருவரின் வலது மேலறையில் அழுத்தம் 14, வெட்ஜ் 16. விதிப்படி இவர் இடது இதய நோயாளி. ஆனால் இடது கீழறையை விரிக்கும் நிகர அழுத்தம் ஏறத்தாழ 2 மட்டுமே. வெட்ஜ் 9, வலது மேலறை 3 என்று இருக்கும் ஒருவரிடம் அந்த நிகரம் 6. அதாவது வெட்ஜ் உயர்ந்தவரின் இடது அறைதான் இங்கே காலியாக இருக்கிறது. வெளியிலிருந்து வரும் நெருக்கலால் அதன் உள்ளழுத்தம் ஏறியிருக்கிறது. இப்படிப்பட்டவருக்கு உப்புநீரை ஏற்றினால் முதலில் வீங்குவது வலது அறை. நெருக்கல் மேலும் கூடி, வெட்ஜும் மேலே போகும். சோதனையின் முடிவில் இடது இதயத்தின்மீது பழி விழும். எனவே வெட்ஜை ஒருபோதும் தனியாகப் படிக்கக் கூடாது என்பேன். பக்கத்தில் வலது மேலறையின் அழுத்தமும், நடுச்சுவரின் வடிவமும், இடது கீழறையின் கொள்ளளவும் இருக்க வேண்டும். அழுத்தம் 16 என்று எழுதப்பட்ட அறையின் கொள்ளளவும் இயல்பாகவோ பெரிதாகவோ இருந்தால் ஒரு பொருள், சுருங்கிக் கிடந்தால் முற்றிலும் வேறு பொருள்.

இதுவரை சொன்னதைக் கேட்ட ஒருவர் மறுபக்கமாகவும் வாதிடலாம். இடது அறை வெறும் பாதிக்கப்பட்ட அறைதான் என்றால், வலது பக்கத்தையும் நுரையீரலையும் கவனித்தால் போதாதா? இடது அறையைத் தனியாக மதிப்பிட வேண்டிய அவசியம் என்ன? நான் சொன்னதை இப்படிப் புரிந்துகொள்ள இடம் உண்டு, அதனால் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: நெடுநாள் வெறுமை இடது தசையையே மாற்றிவிடுகிறது. வேலை குறைந்த கை சூம்புவதுபோல் இந்தத் தசையும் மெலிகிறது. நுரையீரல் தமனி நோயாளிகளின் இடது கீழறைத் தசையிலிருந்து எடுத்த தனிச் செல்களை ஆய்வகத்தில் இழுத்தும் சுருக்கியும் பார்த்த நெதர்லாந்து ஆய்வு 2014-ல் வெளியானது. அந்தச் செல்கள் மெலிந்திருந்தன. சுருங்கும் விசையும் குறைந்திருந்தது. அடைப்பை அறுவையால் நீக்கியவர்களிடம் இடது கீழறையின் தசை எடை மீண்டும் கூடுவதையும் எம்.ஆர்.ஐ. காட்டியிருக்கிறது, ஆக, அந்த மெலிவு பெரும்பாலும் மீளக்கூடியது. ஆனால் மீள நாள் பிடிக்கும், அந்த நாட்கள் ஆபத்தானவை. இரு நுரையீரல்களையும் மாற்றிய நோயாளியை எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை சொட்டுச் சொட்டாக ரத்தம் வாங்கிப் பழகிய இடது அறைக்கு இன்று முழு ஓட்டமும் வந்து சேர்கிறது. அதை வாங்கித் தள்ள முடியாமல் அழுத்தம் ஏறி, புதிய நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. இதனால்தான் ஜெர்மனியின் ஹானோவரில் அறுவைக்குப் பிறகும் சில நாட்கள், ரத்தத்தை உடலுக்கு வெளியே சுழற்றி ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ கருவியை எடுக்காமல் வைத்து, ஓட்டத்தைப் படிப்படியாகக் கூட்டி, இடது கீழறைக்குப் பழக்கம் கொடுக்கும் முறையைக் கையாண்டார்கள். அறுவைக்கு முன்பே இடது அறை எவ்வளவு சுருங்கியிருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளந்து வைத்திருப்பவர்தான் இந்த ஆபத்தை எதிர்பார்த்திருக்க முடியும்.

இடது பக்கத்தை இன்னொரு வழியிலும் இந்த நோய் தாக்குகிறது. பருத்துப்போன நுரையீரல் தமனி, அதன் அருகே ஓடும் இடது பிரதான கரோனரித் தமனியை நெருக்கலாம். இத்தாலியின் பொலோனியாவிலிருந்து 2017-ல் வந்த ஆய்வில், நெஞ்சுவலி சொன்ன 121 நுரையீரல் தமனி நோயாளிகளில் 48 பேருக்கு அந்தக் கரோனரித் தமனி பாதியோ அதற்கு மேலோ குறுகியிருந்தது. வலது பக்கச் சுமைக்கு நெஞ்சுவலி வருவது சகஜம்தான் என்று விட்டிருந்தால் இவர்களின் கரோனரிக் குறுக்கம் கண்ணில் படாமலேயே போயிருக்கும். இந்த நோயாளி நெஞ்சுவலி என்று சொன்னால் சி.டி. ஆஞ்சியோ எடுக்கத் தயங்கக் கூடாது.

இன்னும் கடினமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. நோய்கள் இப்படி இரண்டு பெட்டிகளில் அழகாக அடங்குமா? அடங்காது. எழுபது வயதை நெருங்கும் ஒருவருக்கு உடல் பருமன், சர்க்கரை, நெடுநாள் ரத்த அழுத்தம், எப்போதாவது வந்து போகும் மேலறை நடுக்கம் எல்லாம் இருக்கும். கூடவே நுரையீரல் தமனிகளிலும் உண்மையான நோய் இருக்கும். இடது இதய நோயிலேயே, பின்னோக்கித் தேங்கும் அழுத்தம் பல ஆண்டுகள் நீடித்தால் நுரையீரல் தமனிகளும் தடித்து, தாமே ஒரு தடையாகிவிடுகின்றன. 2022-ன் ஐரோப்பிய வழிகாட்டி, வெட்ஜ் 15-க்கு மேலும் நுரையீரல் தடை 2 வுட் அலகுக்கு மேலும் இருப்பவர்களைக் கலப்பு வகை என்றே தனியாகக் குறிக்கிறது. இவர்களிடம் ‘இதுவா, அதுவா’ என்ற கேள்வி உதவாது. ‘எது எவ்வளவு’ என்றுதான் கேட்க வேண்டும். அதற்குக் குறுக்குவழியாக மதிப்பெண் அட்டவணைகளை நம்புவதில் எச்சரிக்கை வேண்டும். வெளியேற்ற விகிதம் குறையாத இதயச் செயலிழப்பைக் கண்டுபிடிக்க 2018-ல் வெளியான ஓர் அட்டவணை பருமன், மேலறை நடுக்கம், வயது போன்றவற்றோடு, நுரையீரல் தமனியின் சிஸ்டாலிக் அழுத்தம் (சராசரி அல்ல) 35-க்கு மேல் இருப்பதற்கும் மதிப்பெண் தருகிறது. காரணம் தெரியாத மூச்சுத்திணறலோடு வருபவருக்கு அது பொருத்தமான கருவிதான். நுரையீரல் உயர் அழுத்தம் ஏற்கெனவே உறுதியான ஒருவரிடம் அதைப் பயன்படுத்தினால், விடை காண வேண்டிய கேள்வியையே சான்றாக எண்ணிவிடுகிறோம்.

இந்தியாவில் இந்தக் கேள்விகளுக்குக் கூடுதல் கனம் உண்டு. கேரளத்தில் 2,003 நோயாளிகளைக் கொண்டு தொகுத்த பதிவேட்டில், ஏறத்தாழ 59 சதவீதத்தினருக்கு நுரையீரல் அழுத்தத்தின் மூலம் இடது இதய நோய்தான். வலது இதயக் கத்தீட்டர் செய்யப்பட்டவர்களோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. செலவு, தொலைவு, வசதியின்மை எல்லாம் இதில் இருக்கின்றன. யாரையும் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் பெரும்பாலானவர்களின் சிகிச்சை எக்கோவின் வாசிப்பை நம்பியே முடிவாகிறது என்றால், அந்த வாசிப்பு முழுமையாக இருக்க வேண்டும் என்று கோருவதில் தவறில்லை. இடது மேலறையின் கொள்ளளவு, இடது கீழறையின் விரிந்த கொள்ளளவு, துடிப்பளவு, நடுச்சுவரின் வடிவம், வெளிச்சுவர் தளரும் வேகம் ஆகியவற்றுக்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். இருக்கும் கருவியில் சில நிமிடங்கள் கூடுதலாகச் செலவிட்டால் போதும்.

நம் நாட்டில் ருமாட்டிக் காய்ச்சல் விட்டுச்செல்லும் மைட்ரல் வால்வுக் குறுக்கம் இன்னும் ஒழியவில்லை. வால்வு குறுகியிருக்கும்போது இடது மேலறை வீங்கி, வெட்ஜ் 25, 30 என்று ஏறியிருக்கும். அதற்குக் கீழே இடது கீழறை போதிய ரத்தம் இறங்காமல் காத்திருக்கும். ஒரே இடது இதயத்துக்குள் மேலறை அழுத்தத்தில் திணற, கீழறை பற்றாக்குறையில் இருக்கிறது. இங்கே வெட்ஜைக் கீழறையின் நிரம்பு அழுத்தமாக எடுத்துக்கொள்வது நேரடிப் பிழை. பலூனால் வால்வைத் திறந்தவுடன் நுரையீரல் அழுத்தம் பலருக்குக் கணிசமாக இறங்கிவிடுகிறது. இறங்காமல் நிற்பவர்களிடம்தான் அடுத்த சோதனை காத்திருக்கிறது. வால்வைச் சரிசெய்த பிறகும் நுரையீரல் அழுத்தம் குறையாத 200 பேரிடம், நுரையீரல் ரத்தக்குழாய்களை விரிக்கும் சில்டெனாஃபில் என்ற மருந்தை ஸ்பெயினில் சோதித்தார்கள். 2018-ல் வந்த முடிவு, 6 மாதங்களில் மருந்து பெற்றவர்களின் நிலையே மருந்தற்ற மாத்திரை பெற்றவர்களைவிட மோசமானது என்று காட்டியது. ஆகவே வால்வு சிகிச்சை முடிந்த ஒருவரின் நுரையீரல் அழுத்தம் 50-லேயே நிற்கிறது என்று அறிக்கை வந்தால், நுரையீரல் மருந்துச் சீட்டை எழுதுவதற்கு முன்பு மறுபடி எக்கோவுக்கு அனுப்ப வேண்டும்: வால்வு உண்மையில் போதுமான அளவு திறந்திருக்கிறதா, கசிவு ஏதும் புதிதாகச் சேர்ந்திருக்கிறதா, மேலறை சுருங்கியிருக்கிறதா, கீழறை இப்போதாவது நிரம்புகிறதா என்று பார்க்க.